நாட்டுத் தேனீ இன மேம்பாடு: எதைப் படிப்பது, எங்கே கற்பது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே நாட்டுத் தேனீ வளர்க்கிறேன். பெட்டிகளைப் பார்க்க வருகிறவர்கள் முன்பெல்லாம் "வருஷத்துக்கு எத்தனை கிலோ கிடைக்கும்?" என்றுதான் கேட்பார்கள். இப்போது கேள்வி மாறியிருக்கிறது. "ஒரு பெட்டி நல்லா இருக்கு, பக்கத்துப் பெட்டி சோர்ந்து கிடக்கு. நல்லதை மட்டும் பெருக்க முடியாதா? இதையெல்லாம் எங்கே படிக்கிறது?" என்கிறார்கள். அப்படி வந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும்தான் இவை. பெட்டி திறக்கத் தெரிந்தவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். இன்னும் ஒரு பெட்டிகூட வாங்காதவர்கள் முதலில் ஒரு வருஷம் வளர்த்துப் பார்த்துவிட்டு வரலாம்.

நாட்டுத் தேனீ என்று எதைச் சொல்கிறீர்கள்?

பெட்டியில் வைத்து வளர்க்கும் இந்தியத் தேனீயை. அடுக்குத் தேனீ, பொந்துத் தேனீ என்றும் சொல்வார்கள். அறிவியல் பெயர் ஏபிஸ் செரானா இண்டிகா. மலைத்தேனீயும் கொம்புத் தேனீயும் நம் மண்ணின் தேனீக்கள்தான், ஆனால் பெட்டிக்குள் அடங்காது. கொசுத்தேனீ வேறு வகை, அதற்கு வேறு பாடம். இத்தாலியத் தேனீ வந்தேறி. 1960-களில் இமாசலப் பிரதேசத்தின் நக்ரோட்டாவில் வெற்றிகரமாக நிலைநிறுத்தப்பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவியது.

நாட்டுத் தேனீக்குள்ளும் வேறுபாடு உண்டு. மலைப்பக்கம் கறுப்பு, சமவெளியில் மஞ்சள். மேற்குத் தொடர்ச்சி மலையின் கறுப்புத் தேனீயைத் தனி இனம் என்று சொல்லி, 2022-ல் கேரள ஆய்வாளர்கள் 'ஏபிஸ் கரிஞ்ஞொடியன்' என்று பெயரிட்டார்கள். அது தனி இனமா, வட்டார வகையா என்பதில் எல்லாரும் ஒத்துப்போகவில்லை. நமக்கு அந்தச் சண்டை முக்கியமில்லை. மலைப்பக்கத்துக் கறுப்புத் தேனீயை மலையிலும், சமவெளித் தேனீயைச் சமவெளியிலும் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு அது ஒரு நினைவூட்டல், அவ்வளவுதான்.

மேம்பாடு என்றால் புது ரகம் உண்டாக்குவதா?

இல்லை. கத்தரித் தோட்டத்தில் நல்லாக் காய்த்த செடியில் இரண்டு காயை விதைக்கென்று முற்ற விடுவார்களே, அந்த வேலைதான். யாரும் அதை ஆராய்ச்சி என்று சொல்வதில்லை. தலைமுறை தலைமுறையாகச் செய்யும்போது அந்த விதை அந்த ஊருக்குப் பொருந்திவிடுகிறது.

தேனீயில் ஒரு சிக்கல் கூடுதல். ராணி வெளியே பறந்து போய், ஆகாயத்தில் பல ஆண் தேனீக்களோடு சேர்ந்துவிட்டு வரும். பத்துக்கும் மேற்பட்ட ஆண்களோடு சேர்வது நாட்டுத் தேனீயில் சாதாரணம். தாயை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம், தகப்பன்மார் ஊர்ப் பெட்டிகளிலிருந்தும் மரப்பொந்துகளிலிருந்தும் வருகிறார்கள்.

இதற்கு இப்போது என்ன அவசரம்?

வயதான வளர்ப்பாளர் யாரிடமாவது 1991, 92 பற்றிக் கேளுங்கள். தாய்லாந்தில் 1976-ல் கண்டறியப்பட்டு, 1978-ல் மேகாலயாவில் தெரியவந்த தாய் சாக்புரூட் என்ற நச்சுயிரி நோய், அந்த ஆண்டுகளில் தென்னிந்தியாவுக்குள் நுழைந்தது. கேரளத்திலும் குமரியிலும் 90 சதவீதத்துக்கு மேல் நாட்டுத் தேனீக் குடும்பங்கள் அழிந்தன. புழு, கூட்டுப்புழுவாக மாறும் முன்பே செத்து, நீர் நிறைந்த பை போல ஆகிவிடும். அறையின் மூடி திறந்திருக்கும், உள்ளே படகு மூக்கு மாதிரி தலை தூக்கி நிற்கும். இடுக்கியால் தூக்கினால் பை போலவே வரும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

அதற்குப் பிறகு இங்கே மறுபடி பெட்டிகள் நிறைந்தது எப்படி? தப்பிப் பிழைத்த சில குடும்பங்களிலிருந்து பிரித்துப் பிரித்துத்தான். யாரும் திட்டம் போடாமலே ஒரு பெரிய தேர்வு நடந்து முடிந்தது. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாரும் தேனைப் பாராட்டினார்கள். எனக்கு அந்தப் பிழைத்த பெட்டிகள்தான் ஞாபகம் வந்தன. நோய் இன்னும் போகவில்லை, அவ்வப்போது தலைகாட்டுகிறது. நச்சுயிரிக்கு மருந்து கிடையாது. பொடி தூவுவதும் ஆன்டிபயாட்டிக் கலந்த பாகு கொடுப்பதும் வீண். எஞ்சியிருக்கும் வழி, தாங்கும் குடும்பங்களைப் பெருக்குவது.

தமிழில் எங்கிருந்து தொடங்கலாம்?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தில் தேனீ வளர்ப்புக்குத் தமிழிலேயே பக்கங்கள் இருக்கின்றன. தேனீ வகைகள், பெட்டியின் அளவுகள், பருவகால மேலாண்மை, நோய்கள் எல்லாம் சுருக்கமாகக் கிடைக்கும், இலவசம். அடிப்படைக்கு அது போதும். ஆனால் அங்கே ராணி வளர்ப்பு கொஞ்சம்தான், தேர்வு அதைவிடக் கொஞ்சம். தமிழில் பொதுவாகவே இதுதான் நிலைமை. வளர்ப்புக்குக் கையேடு ஏராளம், எதை வளர்ப்பது என்று சொல்லித்தரக் குறைவு.

மலையாளம் காதில் விழுந்தால் புரியும் என்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. திருவனந்தபுரம் வெள்ளாயணியில் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இருக்கிறது. அகில இந்திய தேனீ ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டத்தின் மையங்களில் அதுவும் ஒன்று. நாட்டுத் தேனீ, ரப்பர்த் தேன், சாக்புரூட் மூன்றிலும் அவர்கள் அனுபவம் நம் தோட்டத்துக்கு நேராகப் பொருந்தும். பருவம் ஒன்று, மரம் ஒன்று, தேனீ ஒன்று.

நேரடிப் பயிற்சி எங்கே கிடைக்கும்?

கோயம்புத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை பயிற்சி நடத்துகிறது. மாவட்ட வேளாண் அறிவியல் நிலையங்களிலும் காதி கிராமத் தொழில் ஆணையம் வழியாகவும் கிடைக்கும். ஆணையத்தின் மத்திய தேனீ ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் புனேயில் 1962 முதல் இயங்குகிறது. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் தேனீ வளர்ப்புக்கென்றே தனித் துறை உண்டு. நீலகிரியில் கோத்தகிரி கீஸ்டோன் அமைப்பு 1993 முதல் பழங்குடித் தேன் சேகரிப்பாளர்களோடு வேலை செய்கிறது. பொந்தில் வாழும் தேனீ எப்படி இருக்கும் என்று புரிய அந்தப் பக்கம் போய்வருவது நல்லது.

பயிற்சிக்குப் போகும்போது ஒரு யோசனை. ஒருநாள் பயிற்சியில் எல்லாவற்றையும் சொல்ல அவர்களுக்கு நேரம் கிடையாது. ஆகவே இரண்டே கேள்வியோடு போங்கள். ஒன்று, "உங்கள் பெட்டிகளில் எதிலிருந்து அடுத்த ராணியை எடுப்பீர்கள், ஏன்?" இரண்டு, "உங்கள் பதிவேட்டைக் காட்ட முடியுமா?" இந்த இரண்டுக்கும் கிடைக்கிற பதிலில் அந்த நாளுக்கான பாடம் இருக்கும். மதிய இடைவேளையில் பெட்டிகளைப் பராமரிக்கும் ஊழியரோடு பேசத் தவறாதீர்கள். மேடையில் பேசுகிறவரைவிட அவருக்குத்தான் ஏழாம் நம்பர் பெட்டியின் குணம் தெரியும்.

ஆங்கிலம் ஓரளவு வரும். என்ன படிக்கலாம்?

ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 1986-ல் வெளியிட்ட ஆசியத் தேனீ வளர்ப்புக் கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எழுதியவர் தாய்லாந்தின் பொங்தெப் அக்ரதனாகுல். பழசுதான், ஆனால் நம் தேனீயைப் பற்றி நம் பக்கத்து நாட்டுக்காரர் எழுதியது. காட்மண்டுவில் இருக்கும் இசிமோட் மலைநாட்டு நிலையம் இமயமலைச் செரானா தேனீ பற்றி நிறைய வெளியிட்டிருக்கிறது. அவர்கள் தேர்வுப் பணியும் செய்தவர்கள், விவசாயிக்குப் புரியும் நடையில் எழுதுவார்கள்.

அப்புறம் கோலோஸ் என்ற பன்னாட்டு ஆய்வாளர் குழு 2013 முதல் வெளியிட்ட செய்முறைத் தொகுப்பு. ராணி வளர்ப்பு, தேர்வு, சோதனை முறைகள் எல்லாம் படிப்படியாக இருக்கும். ஐரோப்பியத் தேனீக்காக எழுதியது, கொஞ்சம் கனமான வாசிப்பு. முழுசாகப் படிக்க வேண்டாம். துப்புரவுச் சோதனை (செத்த புழுவைக் குடும்பம் எவ்வளவு சீக்கிரம் வெளியேற்றுகிறது என்று பார்ப்பது), பெட்டிகளை ஒப்பிடும் முறை, இந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் 1964-ல் தொடங்கிய பிப்பா என்ற சங்கம் அவர்கள் நாட்டுக் கறுப்புத் தேனீயைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குவதற்காகவே இருப்பது. அங்கே நடந்த கதை இது: வெளியிலிருந்து ராணிகளை இறக்குமதி செய்து, உள்ளூர் இனம் கலந்து கரைந்து, பிறகு தேட ஆரம்பித்தார்கள். சாதாரண வளர்ப்பாளர்கள் பத்துப் பேர் சேர்ந்து எப்படி வேலை செய்யலாம் என்பதை அவர்களிடம் கற்கலாம். தேனீ பற்றிய விவரத்தை அல்ல, அந்த ஏற்பாட்டை.

ஒரே ஒரு ஆய்வுக்கட்டுரை படிக்க நேரம் இருக்கிறது என்றால் கொரியாக்காரர்களுடையதைப் படியுங்கள். 2009-க்குப் பிறகு அங்கேயும் சாக்புரூட் செரானாத் தேனீயைத் துடைத்துப்போட்டது. புழு பிழைக்கும் திறனையும் துப்புரவுக் குணத்தையும் வைத்துச் சில தலைமுறை தேர்ந்தெடுத்து, நோயை நன்றாகத் தாங்கும் குடும்பங்களை உண்டாக்கியதை 2020-ல் வெளியிட்டார்கள். நம் இனத்தில் இது நடக்கக்கூடியதுதான் என்று நம்பிக்கை தருகிற வேலை.

வெளிநாட்டுக் கையேட்டை அப்படியே பின்பற்றினால் என்ன?

கை சுட்டுக்கொள்வீர்கள். அவர்களுடைய தேனீ பெரியது, பொறுமையானது, பெட்டியை விட்டு ஓடாது. நம்முடையது பசி வந்தாலோ மெழுகுப்பூச்சி ஏறினாலோ ஒரு காலையில் மொத்தமாகக் கிளம்பிவிடும். ஆகவே 'ஓடாமை' என்பது நம் பட்டியலில் முதல் குணம், அவர்கள் பட்டியலில் அது இருக்கவே இருக்காது. நாள் கணக்கும் வேறு: அவர்கள் பணித் தேனீ முட்டையிலிருந்து 21 நாளில் வெளிவரும், நம்முடையது ஓரிரு நாள் முன்னதாக. ராணி இல்லாத பெட்டியில் பணித் தேனீ முட்டையிடத் தொடங்குவதும் நம்மிடம் சீக்கிரம்.

முக்கியமான ஒன்று வரோவா உண்ணி. மேல்நாட்டுக் கையேட்டில் பாதி அதைப் பற்றித்தான் இருக்கும். அந்த உண்ணியின் பழைய வீடே நம் செரானா தேனீதான். நம் தேனீயில் அது பெரும்பாலும் ஆண் தேனீ அறையில் மட்டும்தான் பெருகும், பணித் தேனீக்கள் ஒன்றையொன்று சுத்தம் செய்து அதைக் கட்டுக்குள் வைத்திருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல், "ஆண் அடையை (ஆண் தேனீக்கள் வளரும் அடையை) வெட்டி எறி" என்று அவர்கள் உண்ணிக்காகச் சொல்வதை இங்கே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் வரும் நட்டத்தை ஆண் தேனீ பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

எத்தனை பெட்டி இருந்தால் தொடங்கலாம்?

இரண்டு பெட்டியில் தேர்வு கிடையாது, ஆசைதான் உண்டு. என் கணக்கில் பத்து வேண்டும். அதுவும் ஒரே இடத்தில், ஒரே மாதிரிப் பெட்டியில். நம் பக்கம் ஏழு சட்டம் (அடை கட்டுவதற்கான மரச்சட்டம்) கொண்ட நியூட்டன் பெட்டிதான் வழக்கம் (1910-களில் திருச்சிப் பக்கம் இருந்த நியூட்டன் பாதிரியார் வடிவமைத்தது), அதிலேயே இருக்கட்டும். வாய்க்கால் ஓரப் பெட்டியில் தேன் கூடுதல், பாறைமேல் பெட்டியில் குறைவு என்றால் அது ராணியின் குணமா, இடத்தின் குணமா என்று சொல்ல முடியாது. பத்து இல்லையென்றால் பக்கத்தில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எப்படியும் அவர்கள் தேவைப்படுவார்கள்.

நோட்டில் என்ன எழுத வேண்டும்?

நாற்பது பக்க நோட்டு போதும். பெட்டிக்கு ஒரு பக்கம். என் நோட்டிலிருந்து ஒரு பதிவு:

"பெட்டி 7. ராணி: பெட்டி 3-ன் மகள், டிசம்பரில் பிரித்தது. பிப்ரவரி 11, காலை 9. சட்டம் 6-லும் தேனீ. புழு அடை 4. மூடிய இடம் கைப்பரப்பளவு, ஓட்டை ஐந்தாறுதான். புகை ரெண்டு ஊதல். கொட்டு 0. ராணி அறை இல்லை. மேலே தேன் பாதி."

இவ்வளவுதான். ஆனால் வருஷத்துக்கு இருபது முறை எழுத வேண்டும், அதிலும் ஆடியில், பூ இல்லாத காலத்தில், விடாமல் எழுத வேண்டும். மாசி மாதம் ரப்பர்த் துளிர் வரும்போது எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டிதான். மூன்று இலை சேரும் காம்பு முனையில் தேன் துளிர்த்து நிற்கும்போது எந்தச் சோம்பேறிக் குடும்பமும் இரண்டு கிலோ தரும். மழை நாளில் எது பாகு கேட்காமல் தாக்குப்பிடித்தது, எது ஓடிப்போகப் பார்த்தது என்பதுதான் ஒரு குடும்பத்தின் உண்மையைச் சொல்லும்.

ராணிக்கு முதுகில் சாயப் பொட்டு வைத்தால் அடையாளம் தப்பாது. உலகம் முழுக்க ஒரே நிற வழக்கம்: 1, 6-ல் முடியும் ஆண்டுக்கு வெள்ளை, 2, 7-க்கு மஞ்சள், 3, 8-க்குச் சிவப்பு, 4, 9-க்குப் பச்சை, 5, 0-க்கு நீலம். நகப்பூச்சை நேராக வைக்காதீர்கள், வாசனை போகக் கொஞ்சம் உலரவிட்டு நுனியால் தொடுங்கள். பொட்டு இல்லையென்றால், உங்கள் பெருமைக்குரிய ராணியை அவள் மகள் எப்போதோ மாற்றிவிட்டிருப்பாள், நீங்கள் பழைய கணக்கையே எழுதிக்கொண்டிருப்பீர்கள். நான் ஒரு வருஷம் அப்படி எழுதியிருக்கிறேன்.

துப்புரவுச் சோதனை என்கிறார்களே, வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். ஒரு மெல்லிய ஊசி போதும். மூடிய பணித் தேனீ அடையில், உள்ளே கூட்டுப்புழு வெள்ளையாக, கண் மட்டும் இளஞ்சிவப்பாக இருக்கும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். ஓர் ஓரத்து அறையைத் திறந்து பார்த்தால் பருவம் தெரிந்துவிடும். வரிசைக்குப் பத்து, ஐந்து வரிசை, ஆக 50 அறை. ஒவ்வொரு மூடியின் நடுவிலும் ஊசியை இறக்கி எடுங்கள். அடையைப் படம் பிடித்துவிட்டுத் திருப்பி வையுங்கள். 24 மணி நேரம் கழித்து எத்தனை அறை காலி என்று எண்ணுங்கள். செத்த புழுவை மோந்து கண்டுபிடித்து, மூடியைக் கிழித்து, இழுத்து வெளியே போடும் குடும்பத்துக்குத் துப்புரவுக் குணம் அதிகம்.

நம் தேனீ இதில் பொதுவாகவே கெட்டி. ஆகவே மறுநாள் எல்லாப் பெட்டியும் சுத்தமாகத் தெரிந்தால், அடுத்த முறை 12 மணி நேரத்தில் எண்ணுங்கள். வித்தியாசம் அங்கே தெரியும். ஒரு சோதனையை வைத்து முடிவெடுக்காதீர்கள், இரண்டு மூன்று முறை செய்யுங்கள். இது சாக்புரூட் தாங்கும் சக்தியை நேராக அளப்பதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். நோய் வந்த வருஷம் எந்தப் பெட்டி புழு இழக்காமல் நின்றது என்ற பதிவு, ஊசிச் சோதனையைவிட ஒரு படி மேல்.

நல்ல பெட்டியிலிருந்து ராணியை எப்படி எடுப்பது?

எளிய வழி, கூட்டம் பிரியும் காலத்தில் தானாக வரும் ராணி அறையை (புது ராணி வளரும் அறை) வெட்டி வேறு பெட்டியில் ஒட்டுவது. எல்லாரும் செய்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். அதிக ராணி அறை கட்டுவது அடிக்கடி பிரியும் குடும்பம். ஒவ்வொரு வருஷமும் அதிலிருந்தே எடுத்தால், பத்து வருஷத்தில் பிரிந்து போவதையே தொழிலாகக் கொண்ட தேனீயைத்தான் தேர்ந்தெடுத்திருப்பீர்கள்.

கொஞ்சம் மெனக்கெட்டால் இன்னொரு வழி. நவம்பர், டிசம்பரில் குடும்பம் பெருகும்போது, நோட்டைப் பார்த்துத் தேர்ந்த பெட்டியின் ராணியை இரண்டு சட்டத்தோடு வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். மிச்சமிருக்கும் ராணியில்லாத பகுதியில் புது முட்டை இருக்கும் அடை இருக்க வேண்டும். அங்கிருக்கும் பணித் தேனீக்கள் அவசர ராணி அறைகள் கட்டும். மூடும் தறுவாயில் நல்ல தடித்த அறைகளை மட்டும் வைத்துக்கொண்டு, உபரியைச் சுமாரான பெட்டிகளுக்குக் கொடுங்கள், முதலில் அங்கிருக்கும் ராணியை எடுத்துவிட்டு. புழு மாற்றி ஒட்டும் முறை (இளம் புழுவைச் செயற்கைக் கிண்ணத்துக்கு மாற்றி ராணியாக வளர்ப்பது) நாட்டுத் தேனீயிலும் முடியும், ஆனால் கிண்ணம் சிறியதாக இருக்க வேண்டும், எடுபடுவதும் இத்தாலியத் தேனீயைவிடக் குறைவு. பத்துப் பதினைந்து பெட்டிக்காரருக்கு அது தேவையில்லை.

ராணி வெளிவந்து இரண்டு, மிஞ்சினால் மூன்று வாரத்தில் முட்டை தெரிய வேண்டும். தெரியாமல் ஒரே அறையில் மூன்று நாலு முட்டை சிதறிக் கிடந்தால் ராணி திரும்பவில்லை, பணித் தேனீ முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஒரே தாயில் மயங்கிவிடாதீர்கள். பத்துப் பெட்டிக்கு மூன்று தாயாவது வேண்டும். நெருங்கிய உறவில் சேர்ந்தால் பாதி முட்டை வரை வீணாகும். பெண்ணாக வேண்டிய முட்டை ஆணாக வளரத் தொடங்கும், பணித் தேனீக்கள் அந்தப் புழுவைத் தின்றுவிடும். அடை சல்லடை மாதிரி இருக்கும். நோயும் தெரியாது, பூச்சியும் தெரியாது, குடும்பம் மட்டும் பெருகாது.

ஆண் தேனீயைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

அதுதான் என் குறை. எந்தப் பயிற்சியிலும் ஆண் தேனீ என்றால் "தின்றுவிட்டுச் சும்மா இருக்கும்" என்று ஒரு சிரிப்பு. அப்புறம் ஆண் அடையை வெட்டச் சொல்வார்கள். யார் வெட்டுகிறார்கள்? பெட்டியை ஒழுங்காகப் பார்க்கிறவர்கள், அதாவது நல்ல குடும்பம் வைத்திருக்கிறவர்கள். யார் வெட்டுவதில்லை? பெட்டியைக் கொல்லையில் போட்டுவிட்டு மறந்தவர்கள். ஆக, ஊர் ராணிகளுக்கெல்லாம் மாப்பிள்ளை எங்கிருந்து வருவார் என்று பாருங்கள்.

ஆண் தேனீக்குத் தகப்பன் கிடையாது. கருவுறாத முட்டையிலிருந்து வருவதால் அதன் உடம்பில் இருப்பது முழுக்கத் தாயின் பங்கு. உங்கள் சிறந்த ராணியின் குணத்தை ஆகாயத்தில் கொண்டுபோகிறவன் அவன்தான். ஆகவே சிறந்த மூன்று பெட்டிகளில் ஆண் அடையை வெட்டாதீர்கள், ஓரத்தில் ஒரு சட்டம் விட்டுக்கொடுங்கள். மட்டமான பெட்டிகளில் வெட்டுங்கள். தேர்வில் பாதி வேலை இது, செலவு ஒரு பைசா இல்லை.

காலக் கணக்கு முக்கியம். ஆண் தேனீ முட்டையிலிருந்து வெளிவர ஏறக்குறைய 24 நாள், பறந்து சேரும் பக்குவம் வர இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள். மொத்தம் ஐந்து வாரம். டிசம்பர் நடுவில் ராணி பறக்க வேண்டும் என்றால் நவம்பர் தொடக்கத்திலேயே ஆண் அடையில் முட்டை இருக்க வேண்டும். பக்குவத்துக்கு வந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? நம் தேனீயில் ஆண் அறையின் மூடி கூம்பாக, நடுவில் ஊசித் துளையோடு இருக்கும். வெளிவரும்போது அந்த மூடி கழன்று விழும். பெட்டியின் தரைப்பலகையில் துளையிட்ட குட்டித் தொப்பிகளாகக் கிடக்கும். ஜப்பானில் செரானா வளர்ப்பவர்கள் இந்தத் தொப்பியைப் பார்த்துத்தான் கூட்டம் பிரியும் காலம் வருகிறது என்று தயாராவார்கள். நான் அதை ராணி அறைக்கான கடிகாரமாக வைத்திருக்கிறேன்.

பறக்கும் நேரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இலங்கையில் கோனிகரும் விஜயகுணசேகராவும் 1976-ல் வெளியிட்ட ஆய்வு அழகானது. ஒரே இடத்தில் கொம்புத் தேனீயின் ஆண்கள் பகல் 12 முதல் இரண்டரை வரை, நாட்டுத் தேனீயின் ஆண்கள் மாலை 4.15 முதல் 5.15 வரை, மலைத்தேனீயின் ஆண்கள் அந்தியில் 6 மணிக்கு மேல் என்று முறை வைத்துப் பறந்தன. ஊருக்கு ஊர் நேரம் கொஞ்சம் மாறலாம். வெயிலான மாலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்தப் பெட்டி வாசலில் எத்தனை ஆண் கிளம்புகிறது என்று எண்ணிப் பாருங்கள். இதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது.

நேரம் மிச்சமாக, வெளியூரிலிருந்து உயர்ந்த ராணி வாங்கிவிட்டால்?

நானும் செய்தேன். ஒரு வியாபாரியிடம் "இது ஓடவே ஓடாது" என்ற வாக்குறுதியோடு நான்கு குடும்பம் வாங்கினேன். மூன்று, முதல் மழையிலேயே ஓடியது. நாலாவது ஓடவில்லை, சாக்புரூட்டோடு வந்திருந்தது. பக்கத்து இரண்டு பெட்டியையும் இழந்தேன். அடையும் தேனும் சாமானும் மாறி மாறிப் போகும்போது நோயும் போகிறது. கேரளத்துக்கும் குமரிக்கும் அது வந்த கதையும் பெட்டி நடமாட்டக் கதைதான். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பத்துக் கிலோமீட்டருக்குள், நீங்கள் மழைக்காலத்தில் நேரில் பார்த்த பெட்டியை வாங்குங்கள். ஒரு மாதம் தனியே வையுங்கள்.

இத்தாலியத் தேனீயோடு கலந்து நம் இனம் கெட்டுப்போகுமா?

போகாது. இரண்டும் வேறு இனம், பிழைக்கும் கலப்புக் குஞ்சு பிறக்காது. பூவுக்குப் போட்டி, தேன் திருட்டு, நோய் இந்த மூன்றும்தான் கவலை.

செயற்கை முறையில் கருவூட்டக் கற்க வேண்டுமா?

ஆய்வுக்கூடத்துக்கு அது தேவை. உங்களுக்கு வேண்டாம். அதற்கு வேண்டிய நுண்ணோக்கி வாங்கும் காசில் இரண்டு வருஷத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பெட்டி வாங்கிக் கொடுக்கலாம், பலன் அதிகம்.

வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ளலாமா?

கை அசைவுக்கு வீடியோ நல்லது: ராணியைப் பிடிப்பது, ராணி அறையை வெட்டி ஒட்டுவது. தேர்வுக்கு உதவாது. "இந்த ஒரு பெட்டியில் 30 கிலோ" என்று தலைப்பு போட்டால், நாட்டுத் தேனீதானா என்று முதலில் சட்டத்தின் அளவைப் பாருங்கள். பாதி நேரம் அது இத்தாலியத் தேனீப் பெட்டியாக இருக்கும்.

பலன் தெரிய எத்தனை வருஷம்?

குணம் மாறுவது முதலில் தெரியும், தேன் கூடுவது கடைசியில். கொட்டும் பெட்டிகளின் ராணியை மாற்றினாலே அடுத்த சீசனில் தோட்டத்தில் கையுறை இல்லாமல் நடக்கலாம். ஓடிப்போவது குறைய எனக்கு நாலு வருஷம் ஆனது. தேன் கணக்கில் என்ன கூடியது என்று கேட்டால் மழை, துளிர், பெட்டி எண்ணிக்கை எல்லாம் கலந்திருப்பதால் நேர்மையாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பக்கத்துக்காரர்கள் ஒத்துழைக்காவிட்டால்?

பாடம் எடுக்கப் போகாதீர்கள், ராணி அறை கொண்டு போங்கள். போன டிசம்பரில் உபரியாக இருந்த மூன்றை ஈரத்துணியில் சுற்றி, தலைகீழாகாமல் பிடித்துக்கொண்டு, ஓடை தாண்டி இருக்கும் மூன்று வீட்டுக்குக் கொடுத்தேன். ஓரிடத்தில் பல்லி தின்றது. ஓரிடத்தில் ராணி வெளிவந்தது, பறந்து திரும்பவில்லை. மூன்றாவது வீட்டு அண்ணாச்சி பங்குனியில் கூப்பிட்டார். "தம்பி, உன் பெட்டி கொட்டவே மாட்டேங்குது, ஏதாவது சீக்கா?" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். ஐந்து சட்டத்தில் தேனீ, ஓரச் சட்டத்தில் வெட்டாத ஆண் அடை. அதை அப்படியே விட்டுவிடச் சொல்லிவிட்டு வந்தேன்.